சம்பந்தியம்மாவின் உத்தரவு

இன்று காலை, கரண்ட் கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்க ஆட்கள் வந்தார்கள். பச்சை மரம் அறுபட்ட வாசனை இரண்டாம் மாடிச் சமையலறைவரை ஏறி வந்தது. அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கிளைதான், மரம் இல்லை. அப்புறம்தான் மூச்சு வந்தது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, சம்பந்தி. இருந்திருந்தால் இந்நேரம் கீழே நின்று, "ஏம்பா, முடி வெட்டச் சொன்னா தலையையே வெட்டுறியே!" என்று அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பீர்கள்.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்த புதிதில் உங்களைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். பிள்ளையைப் பெற்றவர் என்றால் அந்தஸ்து அப்படி. நீங்களோ அதைக் கொஞ்சம்கூட மதிக்கவில்லை. தலைப் பொங்கலுக்குச் சீர்த்தட்டோடு வந்து நின்றேன். "அதை அப்படி வைங்க. அடையாறு முகத்துவாரத்துல பூநாரை வந்திருக்காம், வாங்க போய்ப் பார்ப்போம்" என்றீர்கள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்ற என்னை என் மகள் பல நாள் கேலி செய்தாள்.

நீங்கள் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தீர்கள். நான் கணவரை இழந்து உங்கள் தெருவுக்கே குடிவந்திருந்தேன். காலையில் சேர்ந்து நடப்போம். எந்தத் தெருவில் எந்த மரத்துக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டாலும் மனுவோடு கிளம்பிவிடுவீர்கள். நீங்கள் பேசுவீர்கள், நான் பக்கத்தில் நிற்பேன். பயமாயில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "நம்ம வயசுல ரோட்டுல உட்கார்ந்தா போலீஸ்காரன் முதல்ல தண்ணிதான் கொடுப்பான்" என்றீர்கள். அது உண்மை என்று பிற்பாடு நானே பார்த்தேன்.

நம் தெருவில் ஒரு பழைய பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் அதில் ஒரு வீட்டுக்குப் பணம் கட்டியதும் நமக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகுதான் விஷயம் வெளிவந்தது. கார் நுழையும் கேட் வரப்போகும் இடத்தில் தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது, அதை எடுத்துவிடப் போகிறார்கள். கேட்டைத் தள்ளி வைக்கலாம். ஆனால் ஒரு வீட்டுக்குக் கார் நிறுத்த இடம் இருக்காது. கடைசியாகச் சேர்ந்தவர்கள் நம் பிள்ளைகள், அதனால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

உங்கள் மகன் உங்களிடம் கெஞ்சினார், சண்டை போட்டார். நீங்கள் அசையவில்லை. என் மகள் என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னாள்: "அவங்க போய் உட்காரட்டும்மா. நீ போகாதே. அவர் அம்மா உட்கார்ந்தா அது பிடிவாதம். நீ உட்கார்ந்தா அது குத்தம். காலம் பூரா நான்தான் கேட்டுக்கணும்." அவள் சொன்னதில் தப்பே இல்லை.

மறுநாள் காலை கயிறும் ரம்பமுமாக ஆட்கள் வந்தார்கள். நீங்கள் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டு, ஒன்றில் உட்கார்ந்துகொண்டீர்கள். "இன்னாம்மா இது பேஜாரா கீது! நீ குந்திக்கினா நாங்க எப்பிடி வெட்றது?" என்று ஒருவன் தலையைச் சொறிந்தான். "டீ குடிச்சிட்டு வாப்பா, அவசரமே இல்லை" என்றீர்கள். நான் எதிர்ப்பக்கம் பால் பாக்கெட்டோடு நின்றேன். என் மகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனாலும் உங்கள் பக்கத்தில் அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. ரோட்டில் இறங்கிவிட்டேன்.

அப்போதுதான் தெரு முழுக்கக் கேட்கும்படி நீங்கள் கத்தினீர்கள். "சம்பந்தி! மாப்பிள்ளையோட அம்மா சொல்றேன். பேசாம வந்து இதுல உட்காருங்க!"

வந்து உட்கார்ந்தேன். என் காதோரம் குனிந்து, "யார் கேட்டாலும் சம்பந்தியம்மா உத்தரவு, தட்ட முடியலைன்னு சொல்லிடுங்க. பழி என்மேல இருக்கட்டும்" என்றீர்கள். அதற்குள் மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் வந்து நின்றது. "உனக்குத்தான் வேற வேலையில்லை. அத்தையை ஏம்மா இதுல இழுக்கறே?" என்று உங்களைத் திட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேட் தள்ளிப் போனது. உங்களோடு அவர் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது வாங்கியிருக்கும் காரை அதே மரத்தடியில்தான் நிறுத்துகிறார், கண்ணாடி முழுக்கக் காக்கை எச்சம்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு உங்களை வலுக்கட்டாயமா இழுத்துட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றீர்கள். பக்கத்தில் மாப்பிள்ளை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் கூப்பிடும் முன்பே நான் கிளம்பிவிட்டேன் என்று அவர் எதிரில் எப்படிச் சொல்வது? நீங்கள் அது தெரியாமலே போய்விட்டீர்களே என்று இத்தனை நாளும் மனசு அடித்துக்கொண்டது.

இன்று காலை வெட்டின கிளைகளைப் பார்த்தபடி மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். என்னவோ, வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் அத்தை" என்றார். "தெருமுனையில திரும்பும்போதே பார்த்தேன். அம்மா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நீங்க பாதி ரோட்டைத் தாண்டிட்டீங்க. ஆஸ்பத்திரியில அன்னிக்கு நீங்க கிளம்பினப்புறம் அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. 'அடப்பாவி, வாழ்க்கையில ஒரே ஒரு தடவை சம்பந்தி அதிகாரம் பண்ணினேன், அதுவும் வீணா?'ன்னாங்க."

வீணாகவில்லை, சம்பந்தி. அந்த மரத்தை வைத்து என் பெண் இன்றுவரை ஒரு சொல் கேட்டதில்லை.