சிவக்காத கை

8 ஜூலை 1968, திங்கள்
சந்தை நாள், ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. எதிர்வீட்டு மீரான் சாகிபு வந்தார். கணுக்காலில் சீழ், காய்ச்சல். டாக்டர் பென்சிலின் எழுதினார். வழக்கம்போல இடது கையில் தோலுக்கடியில் ஒரு சொட்டு மருந்து ஏற்றி, பேனாவால் வட்டம் போட்டு, இருபது நிமிடம் உட்கார வைத்தேன். ஒத்துக்கொள்ளாத உடம்பென்றால் அந்த இடம் சிவந்து தடித்துவிடும். சிவக்கவில்லை. முழு ஊசியும் போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, "தம்பி, மூச்சு முட்டுது" என்றார். அப்படியே சரிந்துவிட்டார்.

டாக்டர் ஓடிவந்து வேறு ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். நான் சரியாகப் பார்க்கவில்லையா? இரண்டு தடவை பார்த்தேனே!

9 ஜூலை
இனி ஊசியை இன்னொரு கம்பவுண்டர் இராமு போடட்டும் என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். மருந்துக்குப் பதிலாக வெறும் தண்ணீரை ஏற்றினேனா என்று கேட்டார். இல்லை என்றேன். இப்போது யோசித்தால் — அந்தக் கூட்டத்தில் — தெரியவில்லை.

11 ஜூலை
அதே புட்டி மருந்தை என் கையிலேயே ஏற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இதில் என்ன தெரிகிறது? எனக்கு ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பதினோரு வருஷ கம்பவுண்டருக்கு இந்தப் புத்தி.

15 ஜூலை
ரத்தத்தில் சோதிக்க முடியுமா என்று டாக்டர் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டிருந்தார். அங்கே அப்படி ஒரு சோதனை செய்வதில்லையாம். தோல் சொல்வதுதான். அந்தத் தோல்தான் பொய் சொல்லிவிட்டதே.

18 ஜூலை
மீரான் சாகிபைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி சைதுன் பீவி முகம் கோணாமல் டீ கொடுத்தார். மீரான் சாகிபு விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: போன வருஷம் திருச்சியில் இதே சோதனையில் கை தடித்ததாம். ஊசி கிடையாது என்று மாத்திரையாகக் கொடுத்தார்களாம். புண் ஆற இரண்டு மாதமாம். அதனால் இந்தத் தடவை கை தடிக்கக் கூடாதென்று அரிப்பு மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டு வந்தாராம்! அது உடம்பில் இருந்தால் ஒத்துக்கொள்ளாத மருந்துக்கும் தோல் தடிக்காது.

"ஏன் பாய், எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா ஊசி போட்டிருப்பீகளா?"

எனக்கு வந்த கோபத்துக்கு... நோயாளி என்று விட்டேன். ஆனால் உள்ளே ஒரு சந்தோஷம். என் தப்பில்லை! உடனே டாக்டரிடம் போகலாம் என்று எழுந்தேன். மாத்திரை ஏது என்று கேட்டேன். "ஒங்க வீட்லதான் வாங்குனா" என்று பீவியைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டி அன்னக்கிளியிடம் கேட்டேன். ஆமாம், பீவி அரிப்புக்கு என்று கேட்டாராம், இவள் கொடுத்தாளாம். "மஞ்ச மாத்திரை அரிப்புக்குன்னு நீங்கதானே சொன்னீக?" ஆஸ்பத்திரியில் சாம்பிள் மாத்திரைகளை அள்ளி வந்து வீட்டில் வைத்தவன் நான். அவள் என்ன செய்வாள்?

19 ஜூலை
மாத்திரை தின்றார் என்பதுவரை சொன்னால் போதும், ஊசி என் கைக்கு வந்துவிடும். யாருடைய மாத்திரை என்று டாக்டர் கேட்கமாட்டார். கேட்காததை ஏன் சொல்ல வேண்டும்? சொல்லாமல் எப்படி இருப்பது?

20 ஜூலை
சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். டாக்டர் எழுந்து போனார். சாம்பிள் அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

12 ஆகஸ்ட், திங்கள்
டாக்டர் சொல்லி, ஒரு வாரமாக மறுபடி நான்தான் ஊசி போடுகிறேன். ஒவ்வொருவரிடமும் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறேன். ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். யாரை நம்புவது என்று தெரியவில்லை.

இன்று பென்சிலின் போட மானகிரியிலிருந்து வந்த அக்கம்மாளும் அதையேதான் சொன்னாள். கையில் சொட்டு ஏற்றி உட்கார வைத்தேன். புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்திருந்த மீரான் சாகிபு பக்கத்தில் உட்கார்ந்து, தான் செத்துப் பிழைத்த கதையை அவளிடம் அளந்துகொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தேன். கை சிவக்கவில்லை. ஊசியை எடுத்தேன்.

"போட்டுறாதீக தம்பி" என்றார் அவர். "காலையில அரிப்பு மாத்திரை தின்னுச்சாம்."

போடவில்லை. மாத்திரையின் வேகம் தீர்ந்ததும் மறுபடி சோதிக்கலாம், நாலு நாள் கழித்து வா என்றேன். பஸ் காசு தண்டம் என்று அக்கம்மாள் என்னைத் திட்டிக்கொண்டே நடந்து போனாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.