எல்லா டப்பாவிலும் ஒரே தேதி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை அம்மா, ஒவ்வொரு எழுத்தும் என் கை. இரண்டு நாளாக எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில் எனக்கு 'ழ' போட வந்துவிட்டது, கோணாமல் நிற்கிறது பார்.

நல்லதை முதலில் எழுதிவிட்டேன். உன் அண்ணனின் சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் சுகாதார ஆய்வாளர் வந்து, ஃப்ரிட்ஜில் உள்ள டப்பாக்களில் சமைத்த தேதி இல்லை என்று எச்சரித்துவிட்டுப் போனார். அண்ணன் அந்த வேலையை என்னிடம் கொடுத்தான். "எழுத்துப் பழகின மாதிரியும் இருக்கும்பா" என்றான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதியோர் வகுப்பில் டீச்சர் தினமும் பழைய தேதியை அழித்துவிட்டு அன்றைய தேதியைப் பலகையில் போடுவார். நானும் தினமும் காலையில் முதல் ஆளாகப் போய், ஈரத்துணியால் துடைத்து, முப்பது டப்பாவிலும் அன்றைய தேதியைப் போட்டேன். சமையல்காரர் தேதியைப் பார்த்துத்தான் பழையதைக் கொட்டுவார், எல்லாமே இன்றைய தேதி என்றால் அவர் எதைக் கொட்டுவார்?

போன செவ்வாய்க்கிழமை அதே ஆய்வாளர் வந்தார். அடித்தட்டில் பின்னால் இருந்த கோழி சூப்பைத் திறந்தார், மேலே பஞ்சுபோலப் பூசணம். மூடியில் அன்றைய தேதி, முத்து முத்தாக. "காலைல வச்ச சூப்புக்கு மத்தியானமே தாடி முளைச்சிருக்கே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தேதி போடாததற்கு எச்சரிக்கையோடு விட்டவர், பொய்த் தேதி போட்டதற்கு உரிமத்தையே ரத்து செய்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் உன் அண்ணன், "நான்தான் சார் எழுதினேன்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். "ஜனங்க வயித்துல போறதுலயாய்யா ஏமாத்துவே" என்று அவர் கேட்டதற்கு இவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "விடுங்கப்பா" என்றதோடு சரி. அண்ணி என் முகத்தையே பார்ப்பதில்லை.

நான்தான் எழுதினேன் என்று மனு எழுதி அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த எழுத்தர் முழுதும் படித்தார். "எழுத்து நல்லா இருக்கு பெரியவரே, ஆனா உங்க மகனே ஒத்துக்கிட்டாரே, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். வீட்டில் அண்ணன் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டான். எழுத்து நல்லா இருக்கு என்றதும் ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது, அந்த வெட்கத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். கடைக் கதவில் ஒட்டிய அறிவிப்பைத் திக்காமல் வாசித்தேன். அண்ணனின் பெயருக்குக் கீழே ஏமாற்று என்று போட்டிருக்கிறது. இனி இவனுக்கு யாரும் உரிமம் தரமாட்டார்கள். அடுத்த வாரம் வேறொருவர் கடையில் பாத்திரம் கழுவப் போகிறான்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அண்ணனிடம் பேசும்போது கடையைப் பற்றிப் பேச்செடுக்காதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே அம்மா. அவன் ஏமாற்றவில்லை என்று எழுதியிருக்கும் தாள் இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
கைப்பட எழுதிய உன் அப்பா