குளுவாங்கா, பத்து பாகாட்டா, நூரு?

என் நூருக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் ஒரு ஆளுக்கு உலை வைக்கத் தெரியவில்லை. இரண்டு பேருக்கு வடித்துவிட்டு, மிச்சத்தை மறுநாளும் சாப்பிடுகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மாசாயில் நாம் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். வருடக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். நாம் ஒன்றாக வேலை பார்த்த தொழிற்சாலையில் எனக்கும் ஓய்வு கொடுத்தாயிற்று. ஆக, நாம் இருவரும் ஞாயிறுதோறும் போட்ட சண்டைக்கு நான் ஒருத்தியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகும் ஒரே வீட்டில்தான் இருப்போம் என்பதில் நமக்குச் சந்தேகமே வந்ததில்லை. எந்த ஊர் என்பதுதான் தகராறு. என் தம்பி இருக்கும் குளுவாங் என்பேன் நான். நீ பிறந்த பத்து பாகாட் என்பாய் நீ. பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். நீ பேசினால் வேறு வேறு நாடு மாதிரி இருக்கும்.

"குளுவாங்ல என்னக்கா இருக்கு? மலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? எங்க ஊருக்கு வாங்க. சாயங்காலம் கடக்கரைக்குப் போலாம்."

"உங்க ஊர்ல மழை பேஞ்சா கடலே வாசலுக்கு வந்துரும் லா," என்பேன். நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாய். அரை மணி நேரம் கழித்து எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு எடுத்து வருவாய்.

போன மாதம் குளுவாங் போனேன். தம்பி வீட்டுக்குப் பின்னால் எனக்கென்று ஓர் அறை, புதுச் சாயம் அடித்துத் தயாராக இருந்தது. அவன் மனைவி நல்லவள்தான். "நீங்க வந்துட்டா கவலையே இல்ல அண்ணி. பிள்ளைங்கள உங்ககிட்ட விட்டுட்டு நான் வேலைக்குப் போயிருவேன்," என்றாள். முப்பது வருடம் வேலை பார்த்து வந்தவளுக்கு அடுத்த ஷிப்ட் காத்திருந்தது போலிருந்தது. ஆனால் சின்னவள் என் மடியில் ஏறித் தூங்கிப்போனாள். அந்தப் பாரத்தை இறக்கி வைக்க மனம் வரவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பிறகு பத்து பாகாட். உன்னை அடக்கம் செய்த அன்று வந்ததோடு சரி. அன்று வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நான் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன உறவு என்று சொல்லியிருப்பேன்?

இந்த முறை உன் தங்கை மும்தாஜ் பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டாள். வீட்டில் மீன் ஆணம் ஊற்றிச் சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில், தயங்கித் தயங்கி உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள். கூடப் பிறந்த அக்கா உன்னைத்தான் லாத்தா என்பாள், என்னை வெறும் அக்கா.

"லாத்தா கடைசியா இங்க வந்துச்சுல்ல, நேரா வரலக்கா. குளுவாங்ல எறங்கி, உங்க ரெண்டு பேருக்கும் வீடு பாத்துட்டு வந்துச்சு. 'அக்கா அவங்க தம்பி பக்கத்துல இருக்கட்டும். நான் பஸ்ல வந்து உன்னப் பாத்துக்குறேன்'னுச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னிச்சு. சொல்லிட்டா சண்ட போட முடியாதாம்."

பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. அடிப்பாவி! அதற்குப் பிறகும் எத்தனை ஞாயிறு, கடல் இல்லாத ஊருக்கு வரவே மாட்டேன் என்று சத்தம் போட்டாய்? எனக்குத் தெரிந்திருந்தால் உன்னை ஒரு தடவை கட்டிப் பிடித்திருக்க மாட்டேனா?

மறுநாள் மும்தாஜ் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். நீ வழக்கமாகத் துணி எடுக்கும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அலமாக்! குளுவாங்னு அடம் பிடிக்கிற அக்கா நீங்கதானா?" என்று வியந்து சிரித்தார். எனக்கு முன்பே என் பேச்சை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய்.

சாயங்காலம் உன்னை அடக்கம் செய்த இடத்துக்கு, உன்னிடம் வந்தோம். நான் வேலிக்கு வெளியே நின்றுகொண்டேன். "ஏன் அங்கயே நிக்கிறீங்க? நம்ம லாத்தாதானே, வாங்க," என்று மும்தாஜ் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன், நூரு.

மும்தாஜ் வீட்டிலிருந்து மூன்றாவது வாசலில் ஒரு சின்ன வீடு காலியாக இருந்தது. பேசி முடித்துவிட்டேன். நீ எனக்காக விட்டுக்கொடுத்ததை நான் வாங்கிக்கொள்ளவில்லை. கோபமா?

தம்பியிடம் போனில் சொன்னேன். "சொந்தம் இல்லாத ஊர்ல போயி என்னக்கா பண்ணப் போற?" என்றான்.

"சொந்தம் இருக்குடா," என்றேன்.

கடைசியில், பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்து வருவதாகச் சொன்னான். குரலில் வருத்தம் இருந்தது. அது ஆற நாளாகும்.

நேற்று மும்தாஜ் கூப்பிட்டாள். எப்போதும் அக்கா என்பவள், நேற்று, "எப்ப வர்றீங்க லாத்தா?" என்றாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே உன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், உன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று.

அவளை நான் பார்த்துக்கொள்வேன். அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் உனக்கும் சேர்த்து நானே பதில் கொடுப்பேன்.

உன் அக்கா,
சரசு