குடை வாங்கப் போகிற பாட்டு

ஜனவரி 12

என் அன்பு முசுட்டுக்கு,

நான் சுகம். போனில் பேசினால் நீ ‘ம்’, ‘ம்’ என்றே முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

லேபில் வேலை தலைக்குமேல். ஊரில் ஒருத்தருக்கும் சொந்தப் பல் கிடையாது போலிருக்கிறது, அத்தனை பல்செட் செய்கிறோம். மெழுகில் பல் பதிக்கும்போது என் ஜப்பான் பாட்டைப் போட்டுவிடுவேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டவர்கள் இப்போது, “அக்கா, அந்த டிங்டிங் பாட்டு எங்க?” என்று கேட்கிறார்கள்.

எனக்கு ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும். உன் ஊர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் பழைய இசைத்தட்டுக் கடை இருக்கிறதாம். என் பாடகியின் இரண்டாவது தட்டு வேண்டும். அட்டையில் நனைந்த தெரு இருக்கும். அதில் மூன்றாவது பாட்டுதான் உன் அப்பா போன பிறகு என்னைத் தாங்கியது. ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அவள் யாரையோ பறிகொடுத்துவிட்டுப் பாடுகிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டு அழுதால்தான் தூக்கமே வருகிறது.

லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது கவனம்.

அம்மா

*

ஜனவரி 27

அன்புள்ள அம்மா,

கடையைக் கண்டுபிடித்துவிட்டேன். கீழே கைக்கடிகாரக் கடை, நடுவில் பொத்தான் மட்டும் விற்கிற கடை, அதற்கும் மேலே இது. லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் மெக்கானிக் மூச்சு வாங்கப் படியேறினேன்.

கடைக்காரருக்கு உன் வயதிருக்கும். கடைக்குள்ளேயே தொப்பி. தட்டைக் கேட்டதும், “யாருக்கு?” என்றார். அம்மாவுக்கு என்றேன். “பரவாயில்லையே, உங்க அம்மாவுக்குக் காது இருக்கு.” எல்லோருக்கும்தானே இருக்கிறது என்று வாய்வரை வந்தது.

மூன்றாவது பாட்டைக் கேட்டு நீ அழுவாய் என்று சொன்னேன். அவர் கப்பலில் வேலை பார்த்தவர், அந்த மொழி தெரியுமாம். தலையைச் சொறிந்துகொண்டு, “தம்பி, அது குடை வாங்கப் போற பாட்டாச்சே” என்றார். சிவப்புக் குடையா மஞ்சள் குடையா என்று ஒரு பெண் கடையிலேயே நிற்கிறாள். அதற்குள் மழை விட்டுவிடுகிறது. அவ்வளவுதான் அம்மா. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. போன தடவை ரயிலில் எல்லோர் முன்னாலும் அதைச் சத்தமாகப் பாடினாய். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்த வயதில் வேண்டாமே.

தட்டு பார்சலில் வருகிறது.

முசுடு

*

பிப்ரவரி 5

முசுடு,

படித்ததும் கோபம் வந்தது. உன் மேல் இல்லை, அந்தப் பாடகி மேல். குடைக்காகவா இத்தனை நாள் என்னை அழவைத்தாள்! பிறகு சிரிப்பு வந்ததே பார், கையிலிருந்த பல் அச்சைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன்.

உன் அப்பாவோடு துணிக்கடைக்குப் போனால் நானும் இப்படித்தான். வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “எதையாவது எடு தாயே, கடையைச் சாத்தப் போறாங்க” என்று கத்துவார். இவ்வளவு காலமாக எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனுஷன்தான் கண்ணுக்குள் நின்றார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரை மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு அழாமலே தூங்கினேன்.

ரயிலில் பாடினது கூச்சமாக இருந்ததா? சரி. இனி உன் காதில் விழாமல் பாடிக்கொள்கிறேன்.

அந்தத் தொப்பிக்காரரைக் கேள்: கடைசிப் பாட்டாவது சோகப் பாட்டா, இல்லை அதுவும் கடைத்தெருவா?

அம்மா

*

மார்ச் 10

அன்புள்ள அம்மா,

கடைசிப் பாட்டு, செருப்பு கடித்ததைப் பற்றி. இதைச் சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் என்னை உட்காரச் சொல்வதற்கு முன்பே, “அம்மா என்ன எழுதியிருக்காங்க?” என்றுதான் கேட்கிறார்.

சனிக்கிழமை மாலைகளில் கடைச் சுவரில் வேட்டியைக் கட்டிப் பழைய ஜப்பான் படம் போடுகிறார். மரியாதைக்காக உட்கார்ந்தேன். ஒரு டிராம் ஓட்டுநர் வேலையை விட்டு நிற்கிற நாளில் வழக்கமாக வருகிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு தடத்தின் கோடிவரை போகிறார். கறுப்பு வெள்ளை. சண்டை இல்லை, ஒன்றுமில்லை. முடிந்ததும் பொத்தான் கடை அம்மா எனக்குக் கைக்குட்டை கொடுத்தாள். தூசி என்றேன். அவள் நம்பவில்லை.

அம்மா, நீ எங்கே வேண்டுமானாலும் பாடு. ஏப்ரலில் கடையில் ரசிகர்கள் கூடிப் பாடப் போகிறார்கள். நீ கட்டாயம் வர வேண்டும். உன் முட்டிக்காக லிஃப்டைச் சரிசெய்துவிட்டேன்.

முசுடு

*

ஏப்ரல் 22

என் கண்ணுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இன்னும் கடைத்தெருவிலேயே நடக்கிற மாதிரி இருக்கிறது. காகிதம் மட்டும் விற்கிற கடை, பேனா நிப்பு மட்டும் விற்கிற கடை, விளக்கு எரியும் அத்தனை கண்ணாடி ஜன்னல்கள்! நானும் தொப்பிக்காரரும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் வந்தோம். நீ எங்களைத் தெரியாதவன் மாதிரி முன்னால் நடந்தாய். பார்த்தேன்.

பாடும்போது இரண்டாவது அடி மறந்து நின்றேனே, அவர் எழுந்து எடுத்துக் கொடுத்தாரே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

நேரில் சொல்ல வாய் வராத ஒன்று. நீ தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது அவர், “இங்கயே வந்துடுறீங்களா?” என்றார். “கடைக்கா?” என்றேன். “கடைக்கும்தான்” என்றார்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். எனக்கு ஆசை இருக்கிறது. அதை முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கோபம் வந்தால் கோபப்படு. ‘ம்’ மட்டும் வேண்டாம்.

அம்மா

*

மே 6

அன்புள்ள அம்மா,

உடனே எழுத முடியவில்லை. அப்பா நினைப்பாகவே இருந்தது.

பிறகு கடைக்குப் போனேன். அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். பரீட்சை எழுத வந்தவர் மாதிரி முகம்.

“எங்க அம்மா விடிஞ்சும் விடியாததுமா சத்தமா பாடுவாங்க. தெரியுமா?”

“தெரியும். முன்கூட்டியே எச்சரிச்சுட்டாங்க.”

சிரித்துவிட்டேன். அப்புறம் எங்கே கோபப்படுவது?

நான் லிஃப்ட் பார்க்கிற கட்டடத்தில் ஒரு பல் லேப் இருக்கிறது. கைதேர்ந்த ஆள் தேடுகிறார்கள். உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வந்துவிடு அம்மா.

ஒரே சிக்கல், அவரை என்னவென்று கூப்பிடுவது? சார் என்றால் முகம் சுருங்குகிறது. “அப்பான்னு கூப்பிட வேண்டாம் தம்பி, அது அவரோட இடம். எனக்கு வேற ஏதாவது பார்த்துக் குடுங்க” என்கிறார். நீயே சொல்.

முசுடு

*

மே 14

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை லேபில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர் என் நாற்காலி யாருக்கு என்று சண்டை போடுகிறார்கள்.

ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். இசைத்தட்டுப் பெட்டியை நீ தூக்கு. அவரிடம் கொடுத்தால் பிளாட்பாரத்திலேயே பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கூப்பிடுகிற விஷயத்துக்கு அவசரமில்லை, தானாக வாயில் வரும். நேற்று சம்மதம் சொல்லப் போன் செய்தேன். என்னவென்று கூப்பிடுவது என்று எனக்கும் தெரியவில்லை. “ஏங்க” என்று வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவர் குடைப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார்.

அம்மா