பொறியோடு வந்த விருந்தினரைத் திரும்ப அழைத்துக்கொள்ள விடுத்த ஓலை

நலம் சூழ்க! முத்து விளையும் துறைகளும் உப்பு விளையும் பாத்திகளும் உடைய வலம்புரி நாட்டின் கோமான், அலைகடலை அரண்மனை முற்றமாகக் கொண்டவர், பகைவரும் தாமே வந்து நட்புக் கேட்கும் இன்முகத்தார், பரிதிவேள் பெருந்தகையின் திருச்சமூகத்துக்கு, மேற்கே நெல்லிமலையும் கிழக்கே சேணாறும் எல்லையாகிய குறும்பொறை நாட்டின் அரசி, வறண்ட சுனைகளில் நீர் கண்ட மாதரசி, கொன்றைமாதேவியார் திருவாய் மொழிந்தருள, ஓலைநாயகம் சாத்தன் வெண்காடன் பணிந்து எழுதியது.

தங்கள் கோட்டையும் கொடியும், யானைகளும் படகுகளும், குலமூத்தோரும் குடிமக்களும் நலமே இருக்கத் தேவியார் வேண்டுகிறார். இங்குத் தேவியார் நலம். மாடு கன்றுகள் நலம். மலையில் தினை நன்றாகக் கதிர் பிடித்திருக்கிறது. தாங்கள் அன்போடு அனுப்பிவைத்த கணிப்பொறி மட்டும் நலமில்லை.

விவரம் கூறுமுன் சிறு வேண்டுகோள். இவ்வோலையைக் கொணர்ந்த தூதர் மலையிறங்கி, ஆறு கடந்து, மணலில் குதிரை ஓட்டி வந்தவர். குறும்பொறைத் தூதர்கள் கொண்டுவந்த ஓலை முழுதும் படிக்கப்படும் வரை வாய் திறப்பதில்லை; வழிப்புழுதிக்குக் கட்டிய முகத்துணியை அவிழ்ப்பதும் இல்லை. ஆதலால் அவரை எதுவும் கேட்காமல், கையில் ஒரு குவளை மோர் மட்டும் கொடுத்து நிற்க வைத்து, ஓலையை நடுவில் நிறுத்தாமல் படித்து முடிக்குமாறு வேண்டப்படுகிறது.

கணிப்பொறியும் இணையமும் வந்துவிட்ட நாளில் இன்னும் பனையோலையைக் கீறிக்கொண்டிருக்கிறார்களே மலைநாட்டார் என்று தங்கள் அவையினர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். காரணத்தைக் கேட்டபிறகு யார் யாரைப் பார்த்து நகைப்பது என்று முடிவு செய்யலாம்.

கடந்த முத்துக்குளி விழாவுக்குத் தேவியார் தங்கள் துறைக்கு எழுந்தருளியதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படகுப் பலகை வழுக்கி, முடியும் கவரியும் செங்கோலுமாக முழங்கால் நீரில் தாங்கள் விழுந்ததும், அவையோர் மூச்சை அடக்கி நிற்கையில் தாங்களே முதலில் வாய்விட்டுச் சிரித்ததும் இங்கே வேளைக்கு ஒருமுறை பேசப்படுகின்றன. தேவியார் நாடு திரும்பியும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. வரிக்கணக்கு கேட்கும்போது சிரித்தார். வழக்கு விசாரிக்கும்போதும் சிரித்ததால், ஆடு திருடியவன் தான் விடுதலையாகிவிட்டதாக எண்ணி வணங்கிவிட்டு நடையைக் கட்டினான்.

அந்நிலையில்தான் தாங்கள் பல்லக்கில் ஏற்றி அனுப்பிய கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதைத் திறந்ததும் தங்கள் திருமுகமே தோன்றி, தேவியாரை மணக்க விரும்புவதாகவும், சம்மதம் எனில் அவருடைய சொந்த முகத்தோடும் சொந்தக் குரலோடும் அந்த விடை வரவேண்டும் என்றும், அமைச்சர் வழியாக வேண்டாம், அமைச்சர்கள் எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்பார்கள் என்றும் மொழிந்தது. தங்கள் நகரத்துத் தேர் நிலைக்கு வந்து சேரும்வரை காத்திருப்பதாகவும், அதற்குள் விடை வராவிடில் மறுப்பென்று கொண்டு, குலமூத்தோர் பார்த்துவைத்த பெண்ணுக்கே மாலையிட வாக்களித்திருப்பதாகவும் கூறியது.

தேவியார் விடை சொல்ல ஒரு நொடியும் யோசிக்கவில்லை. சொன்ன விடை தங்களிடம் வந்து சேராததற்குக் காரணம், பொறியோடு வந்த விருந்தினர்.

தங்கள் நாட்டில் எப்படியோ, குறும்பொறை நாட்டில் ‘உடன்வந்தார் வரிசை’ என்று ஒரு மரபு உண்டு. பரிசோடு எது வந்தாலும், யார் வந்தாலும், அது விருந்து. யானையோடு பாகன் வந்தால் பாகனுக்கு வீடு. மணப்பெண்ணோடு தோழி வந்தால் தோழிக்கு மாடம். விருந்தினர் தாமே விடைபெற வேண்டும், அல்லது அனுப்பியவர் திரும்ப அழைக்க வேண்டும். ஏற்றவர் போகச் சொல்லலாகாது. அவர் ஒன்று கேட்டால் ‘அப்படியே ஆகட்டும்’ என்பது தவிர வேறு மறுமொழியும் கூடாது. இந்த வரிசையைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர் மரபுக்காவலர் காரி நக்கனார். முன்னொரு ஆண்டு பலாப்பழ வண்டியோடு வந்த எறும்புகளுக்கு வெல்லம் வைத்து உபசரித்தவர் அவர். அந்த எறும்புகளின் வழிவந்தோர் இன்றும் அரண்மனை மடைப்பள்ளியில் சகல மரியாதையோடு வாழ்கிறார்கள்.

தங்கள் பொறிக்குள்ளோ ஒரு கூட்டமே வந்து இறங்கியிருந்தது. பொறி செய்த வணிகக் குழுவினர் முன்கூட்டியே உள்ளே ஏற்றிவைத்த மென்பொருள்கள் அவை என்று பொறியகத்து அதிகாரிச்சி சோலை நங்கை விளக்கினார். தாங்கள் அறிந்து அனுப்பினீர்களா, தங்களுக்கும் சொல்லாமல் ஏறிக்கொண்டனவா என்பது தேவியாருக்குத் தெரியாது. தங்களைக் குறை சொல்ல அவருக்கு மனமும் இல்லை. ஆனால் வந்தவர்கள் இன்னின்னார் என்று தாங்கள் அறியத்தான் வேண்டும்.

ஒருவர் காவலர். கிருமிகளிடமிருந்து பொறியைக் காப்பதாகக் கூறிக்கொண்டு, உள்ளே போகும் ஒவ்வொரு சொல்லையும் மடியவிழ்த்துச் சோதித்தார்; தம் காவற்காலம் முடியப்போகிறது என்று உணவு வேளையிலும் நினைவூட்டினார். ஒருவர் வானிலை சொல்லும் கணியர். மலையில் வெயில் கொளுத்துகையில், வலம்புரித் துறையில் சாரல் என்று அறிவித்து, குடையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒருவர் கடை விரிப்பவர். தேவியார் எதைத் தேடினாலும் குறுக்கே வந்து மிதியடி வேண்டுமா என்று கேட்டார். ஒருவர் பழங்களை வரிசையாக அடுக்கி உடைக்கும் விளையாட்டைக் கொண்டுவந்தவர். அவர் தயவால் எங்கள் படைத்தலைவர் எல்லைக்காவலை மறந்தார். இன்னும் ஒருவர் புதுப்பிப்பவர். இவர் ஏதும் செய்யமாட்டார். மற்றவர்களைப் புதுப்பிக்கட்டுமா என்று ஓயாது கேட்பார். நக்கனார் ஒவ்வொரு முறையும் கை கூப்பி, ‘அப்படியே ஆகட்டும்’ என்ற பொத்தானைத் தம் விரலாலேயே அழுத்துவார். அழுத்த அழுத்த விருந்தினருக்கு உறவினர்கள் வந்து சேர்ந்தார்கள்.

மலைமேல் இருக்கும் இவ்வரண்மனைக்கு வரும் இணையமோ ஒற்றை வாய்க்கால். அதில் இவர்கள் ஆளுக்கு ஒரு மடை திறந்து தத்தம் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டால் கடைமடையில் நிற்பவருக்கு என்ன மிஞ்சும்? கடைமடையில் நின்றவர் தேவியார்.

நல்லோரையில் நீராடி, கொன்றை சூடி, பொறியின் முன் அமர்ந்து தேவியார் தம் விடையை முகமும் குரலுமாகப் பதிந்தார். என்ன சொன்னார் என்று எழுத ஓலைநாயகத்துக்கு உரிமையில்லை. சொல்லி முடித்தபோது அவர் முகம் சிவந்தது என்று மட்டும் எழுதலாம். அதையும் எழுதக்கூடாது என்று இப்போது ஆணையாகிறது. எழுதியாயிற்று, ஓலையில் கீறியதை அழிக்க முடியாது.

விடை இணையத்தில் ஏறத் தொடங்கியது. ஏறியது என்பதைவிட, ஏறலாமா என்று யோசித்தது எனலாம். திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றது. அவையோர் அதைத் தெய்வச் சக்கரம் என்று எண்ணி எழுந்து நின்று கும்பிட்டார்கள். கும்பிட்ட கைகள் கடுத்தன. தேவியாரோ தூணுக்குத் தூண் நடந்தார், நடுவில் வந்து எட்டிப் பார்த்தார், பின்னும் நடந்தார். இரண்டு முறை பாதி வழியில் விடை அறுந்து விழுந்தது.

அப்போது சோலை நங்கை முன்வந்து, “தேவி, இவர்களை நீக்கிவிட்டால் பொறி பறக்கும். எனக்கு ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம் போதும்” என்று விண்ணப்பித்தார்.

நக்கனார் தண்டத்தைத் தரையில் ஊன்றி, “உண்ண வந்தவனை எழுப்பி விடுவதா? முடிசூடிய நாளில் கையில் நீர் வார்த்து இவ்வரிசையைக் காப்பேன் என்று சொன்னது யார் தாயே?” என்று வினவினார்.

சொன்னவர் தேவியார்தான். ஆதலால் நங்கையை அமரச் சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை விடையை ஏற்றினார். அன்று விருந்தினர்களுக்கு என்ன தோன்றிற்றோ, கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள் போலும். விடை மளமளவென்று ஏறிற்று. முக்கால், அதற்கும் மேல், இன்னும் ஒரு விரற்கடை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் அருந்தாத தேவியாரை, ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு வரும்படியும், அதுவரை தாம் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொள்வதாகவும் நக்கனாரே அன்போடு அனுப்பிவைத்தார்.

அந்த இடைவெளியில்தான் புதுப்பிப்பவர் எழுந்து, பொறியை ஒருமுறை உறங்க வைத்து எழுப்பட்டுமா என்று பணிவாகக் கேட்டார்.

விருந்தினர் கேட்டுவிட்டார். நக்கனார் ஒரு கணமும் தயங்கவில்லை. நெஞ்சு நிறைந்த மரியாதையோடு கை கூப்பி, ‘அப்படியே ஆகட்டும்’ என்று அழுத்தினார். திரை இருண்டது. தேவியாரின் முகமும் குரலும் அந்த இருட்டில் போயின.

கஞ்சிக் கிண்ணத்தோடு திரும்பிய தேவியார் இருண்ட திரையைப் பார்த்தார், நக்கனாரைப் பார்த்தார், வெறுந்தரையில் அமர்ந்தார். அழுதார். குறும்பொறை அரசி அவையறிய அழுதது இதுவே முதல் முறை. தங்களை இழந்துவிடுவோம் என்ற அச்சத்தால் அழுதார் என்பதைத் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுத இசைந்தார். நக்கனாரும் தம் தண்டத்தை அவர் காலடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். படைத்தலைவரும் அழுதார், அவர் அழுதது பழங்கள் போனதற்காக என்று பிறகு தெரிந்தது.

பொறி மெல்ல விழித்தது. விழித்ததும் முதலில் எழுந்தவர் வானிலைக் கணியர். வலம்புரி நகரில் நாளை தெளிந்த வானம், தேரோட்டத்துக்கு உகந்த நாள் என்று மகிழ்ச்சியோடு அறிவித்தார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பயனுள்ள சொல் அது. அதுவும், தாங்கள் விதித்த தவணை நாளையோடு முடிகிறது, இனிப் பொறியில் ஏற்றிப் பார்க்க நேரமில்லை என்று உணர்த்திய சொல்.

அதைக் கேட்டதும் தேவியார் கண்ணைத் துடைத்தார். எழுந்தார். சிரித்தார். முழங்கால் நீரில் விழுந்த தங்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. “விருந்தினரை அனுப்ப நமக்கு உரிமையில்லை. நாம் புறப்படக் கூடாது என்று வரிசையில் எங்கேனும் இருக்கிறதா நக்கனாரே?” என்று வினவினார். நக்கனார் மரபு முழுவதையும் மனத்துக்குள் புரட்டிப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். லாயத்துக்கு ஆள் ஓடினான். ஓலைநாயகத்துக்கு எழுத்தாணி கொடுக்கப்பட்டது. இதோ, இதை எழுதும்போது குதிரைக்குச் சேணம் இறுக்கும் ஓசை கேட்கிறது. விரைந்து எழுது, விரைந்து எழுது என்று மேலிருந்து ஒரு குரல் ஓலைநாயகத்தின் உயிரை வாங்குகிறது.

ஆகவே வலம்புரிக் கோமானே, தேவியாரின் வேண்டுகோள் இதுவாகும். தங்கள் பொறியோடு உடன்வந்த காவலர், கணியர், கடை விரிப்பவர், பழம் உடைப்பவர், புதுப்பிப்பவர் ஆகியோரையும் அவர்தம் சுற்றத்தாரையும் திரும்ப அழைத்துக்கொள்வதாகத் தங்கள் வாயால் ஒரு சொல் சொல்லியருள வேண்டும். அந்தச் சொல் கிடைத்தால், சோலை நங்கை விருந்தினர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து, நக்கனார் கண்ணீர் மல்க, முறைப்படி வழியனுப்பி வைப்பார். இனி வணிகக் குழுவினர் எந்த நாட்டுக்குப் பொறி விற்றாலும் வெறும் பொறியாக விற்க வேண்டும் என்று தாங்கள் ஆணையிட்டால், கடைமடையில் நிற்கும் எத்தனையோ பேர் தங்களை வாழ்த்துவார்கள்.

மற்றொன்று, தங்கள் கேள்விக்கான விடை. தேவியாரின் சொந்த முகத்தோடும் சொந்தக் குரலோடும் அது வரவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அமைச்சர் வேண்டாம் என்றீர்கள். அமைச்சரை அனுப்பவில்லை. தோழியரும் இல்லை, பல்லக்கும் இல்லை, உடன்வந்தார் என்று ஒருவரும் இல்லை. வந்தது ஒரு குதிரையும் அதன்மேல் ஒருவரும் மட்டுமே.

இவ்வோலையைத் தங்கள் கையில் தந்துவிட்டு மோர்க் குவளையோடு நிற்கிறாரே, அந்தத் தூதரை நிமிர்ந்து பார்த்தருள்க. ஓலை முடிகிறது, முகத்துணியை அவிழ்க்கலாம்.

இங்ஙனம் குறும்பொறை நாட்டுக் கொன்றைப்பூ முத்திரை இடப்பட்டது. முத்திரை சற்றுக் கலைந்திருப்பின், குதிரை ஏறும் அவசரத்தில் இட்டது என்று பொறுத்தருள்க. தங்கள் மறுமொழி ‘அப்படியே ஆகட்டும்’ என்பதாக இருந்தால், அதை ஓலையில் எழுத வேண்டாம், பொறியிலும் ஏற்ற வேண்டாம். எதிரே நிற்பவரிடம் சொல்லுக. இது அரசியாணை.