ஏழுமலைக்கு நட்சத்திரம் இல்லை

இன்று காலை ஒரகடத்தில் என் ஆட்கள் ஒரு மரப்பெட்டியைக் கடப்பாரை போட்டுப் பிளந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மிஷின். பலகை விலகியதும் பிசினும் கிரீஸும் கலந்த அந்த வாசனை குப்பென்று வந்தது. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ உன் மூஞ்சி ஞாபகம் வந்தது. உன் பின்னாலேயே அந்த உதவாக்கரை ஏழுமலையும் வந்து நின்றான். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அவன் உன்னை விடவில்லை பார்.

தொண்ணூற்றொன்றில் இந்தப் பக்கம் கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். சுங்குவார்சத்திரம் லாட்ஜில் நீயும் நானும் ஒரே ரூம். நம் கம்பெனிக்கு வந்த பெரிய மிஷினை நான்தான் ஏறக்குறைய தனியாளாக நகர்த்தி வைத்தேன். அதைப் பொருத்த வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் என் தோளைத் தட்டி, "நீ அமெரிக்காவில் இருக்க வேண்டிய ஆள்" என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னது உனக்குப் புரியவில்லை, அதனால் நீ கடைசிவரை நம்பவில்லை.

அவர் ஊருக்குக் கிளம்பும்போது காலிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனதுதான் அந்த ஆட்டம். முட்டை மாதிரி ஒரு பந்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓட வேண்டும்; எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். அமெரிக்காக்காரனுக்கு அதுதான் ஃபுட்பால். அதை மைதானத்துக்கே போகாமல் பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து ஆடுவது. ஆளுக்கொரு அட்டை. அதில் நாமே ஒரு ஆட்டக்காரனுக்குப் பேரும் வயதும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு சீசன் முடிந்தால் அவனுக்கு ஒரு வயது ஏறும். முப்பதைத் தொட்டால் கால் தளர்ந்து ஓய்வு பெறுவான். விதிகளை நான்தான் படித்துச் சொன்னேன். புரியாத இடங்களை நானே இட்டு நிரப்பினேன். அவை அவர்கள் விதிகளை விட நல்ல விதிகள்.

ஷிஃப்டு முடிந்த பசங்களைச் சேர்த்து லீக் ஆரம்பித்தோம். என் ஆள் முதல் சீசனிலேயே ராஜா. உன் ஆள் ஏழுமலை. டெக்சாஸ் டீமுக்கு ஒரு ஏழுமலை! அவன் ஆட்டத்தை என்னவென்று சொல்வது? பந்தைக் கொடுத்தால் கீழே போடுவான். போடாவிட்டால் தப்பான பக்கம் ஓடுவான். மூன்றாவது சீசனில் பகடை அவன் முட்டியை உடைத்தது. விதிப்படி அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது ஆளை எழுதலாம். நீ அவனை பெஞ்சில் உட்கார வைத்தாய்.

"இன்னாடா இது, ஆஸ்பத்திரியா நடத்துற?"

"தேறிடுவான் மச்சான். கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

காகிதத்துக்கு ரெஸ்ட்! தூ.

அப்போதுதான் உன் கல்யாணப் பேச்சு எழுந்தது. என் சித்தப்பா மகள் கோமதிக்கு நீ என்று நான்தான் முடிச்சுப் போட்டேன். தண்டலத்துப் பக்கம் தன் மாமன் வீட்டு நடவு வேலைக்கு அவள் வந்தபோது நீ பார்த்த பார்வையை நான் கவனிக்காமல் இருப்பேனா? அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவன் இல்லை, ஆற்காட்டுப் பக்கம், தங்கமான பையன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "நீ சொன்னா நம்பணுமா?" என்று சொல்லிவிட்டு, அவரே லாட்ஜுக்குக் கீழே மணியண்ணன் டீக்கடையில் விசாரிக்க உட்கார்ந்துவிட்டார். மணியண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் ஏழுமலையை வைத்து நாம் தினம் அங்கே கத்திய கத்தல்தான்.

"தங்கமான புள்ளதான். பாவம், அமெரிக்காவுல அண்ணன்காரனுக்கு முட்டி பூட்ச்சாம். முப்பது ஆவப்போவுதாம், இன்னும் தனிக்கட்டையா கீறானாம். இந்தப் புள்ள தெனம் அதே பேச்சுதான்."

சித்தப்பா நேரே என்னிடம் வந்தார். "அண்ணங்காரன் குந்திக்கினு கீறான், தம்பிக்குப் பொண்ணு கேக்குறியா? மூத்தவனுக்கு முடியட்டும், அப்பால பாக்கலாம்."

கோமதிக்கு வேறு இடத்திலிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லாத அண்ணனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அவள் காத்திருக்க முடியுமா? உண்மையைச் சொல்லலாம் என்றால், பகடை என்ற பேச்சை எடுத்ததுமே சூதாடி என்று சித்தப்பா வெட்டிவிடுவார். மூளையுள்ள ஆள் நான் ஒருவன்தானே. அருமையான வழி சொன்னேன்.

"செத்துட்டான்னு சொல்லிடு."

உன் முகம் கறுத்தது. "சாவடிக்கவா? அதுவும் தேறி வர்ற நேரத்துல? அதில்லாம, சாவு வுழுந்தா ஒரு வருசம் நல்ல காரியம் பண்ண வுடுவாங்களா உங்க சித்தப்பா?"

"சரி, வெள்ளைக்காரியக் கட்டிக்கினு அங்கியே செட்டில் ஆயிட்டான்னு சொல்லு."

"அவன் அப்டிப்பட்ட ஆள் இல்ல மச்சான்."

"டேய், அவன் அட்டைடா!"

ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். வெடுக்கென்று பேசினாலும் இளகிய மனசுக்காரர். தேங்காய் பழத்தட்டை நீட்டி, "மொதல்ல உங்க அண்ணன் கால் நல்லாவணும்னு அர்ச்சனை பண்ணிடலாம் தம்பி" என்றார். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

"ஏழுமலை" என்றாய். பின்னால் வரிசை நெளிந்தது. நான் உன் விலாவில் குத்தி, "கிருத்திகைன்னு சொல்லித் தொலை" என்று முணுமுணுத்தேன். நீ சட்டைப் பையிலிருந்து அவனை எடுத்துச் சித்தப்பாவின் கையில் வைத்தாய்.

"அவனுக்கு நட்சத்திரம் கிடையாது மாமா. இவன்தான் அவன். பகடை போட்டு ஆடுறது. எனக்கு அண்ணனே கெடயாது."

கோமதியின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. சித்தப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காசு வெச்சா ஆடுறீங்க?"

"இல்ல மாமா."

"காசும் இல்லியா? அப்ப இன்னாத்துக்குடா ஆடுறீங்க?"

என்னிடம் பதில் ஏராளமாக இருந்தது, யாரும் கேட்கவில்லை. சித்தப்பா பெருமூச்சு விட்டார். "சூதாடிக்குப் பொண்ணு தர மாட்டேன். பைத்தியத்துக்குத் தரலாம், அதுக்கு மருந்து கீது. இதக் கிழிச்சிப் போடு, தட்டு மாத்திக்கலாம்."

எவனாக இருந்தாலும் சுக்குநூறாகக் கிழித்திருப்பான். நீ என்ன சொன்னாய்? "சீசன் முடியட்டும் மாமா." எனக்கு அங்கேயே உன்னை மொட்டையடித்து அனுப்பலாமா என்று வந்தது. சித்தப்பா செருப்பைத் தேடினார். அப்போது கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடியட்டும்பா. எனக்கும் டைப்ரைட்டிங் பரிட்ச முடியணும்ல? நானே எப்டிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றாள். ஒரு சப்பை ஆட்டக்காரன் எப்போது ஓய்வு பெறுகிறானோ அப்போது முகூர்த்தம் என்று முருகன் சன்னிதியில் முடிவானது.

கடைசி ஆட்டத்துக்கு மணியண்ணன் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மாடி ஏறி வந்தார். பெஞ்சிலிருந்து ஏழுமலையை நீ எழுப்பினாய். கோடு எட்டிப் பிடிக்கிற தூரம். நீ பகடையை உருட்டினாய். அட்டவணையை நான்தான் படித்தேன்: ஓடியவன் விழுந்தான், பந்து நழுவியது.

"பகடை பாய்ல இடிச்சிடுச்சி மச்சான், மறுபடி போடு" என்றேன். நல்ல மனசில்தான் சொன்னேன்.

"வேணாம். அவன் வுழுந்துட்டான்." அட்டையைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாய். "நீ எதப் பத்தி வேணா கத வுடு. அவனப் பத்தி மட்டும் வுடாத."

உன் காரியத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஒண்டியாக லாரியைத் தள்ளினாய், பாம்பைக் கையால் பிடித்தாய், மந்திரி வந்து உன் கையைக் குலுக்கினார். கோமதி அழுதுகொண்டே சிரித்தாள். அப்போது உன் பொண்ணு கேட்டாள்: "மாமா, அந்த ஏழுமலை கடைசி ஆட்டத்துல ஜெயிச்சாரா? அப்பா சொல்லவே இல்ல."

கூட்டமே என் வாயைப் பார்த்தது. அவனைக் கோடு தாண்ட வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய்த் தண்ணீர் குடித்தேன்.

"எங்கம்மா ஜெயிச்சான்? வுழுந்தான். பந்தையும் கீழ போட்டான்" என்றேன்.