நெருப்பில் போன அனுமதிக் கடிதம்

28-9-1951, வெள்ளி

இன்று ஜெராம் தாண்டியதும் துப்பாக்கியோடு காட்டுக் கம்யூனிஸ்டுகள் ஆறு பேர் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரையும் இறக்கிவிட்டுப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். எங்களோடு வந்த போலீஸ்காரர் ஒருவரை முழங்காலிட வைத்துச் சுட்டார்கள். இரத்தம் என் மகள் ரோஸலினின் சேலையில் தெறித்தது.

அவளைச் சிங்கப்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் போய்க்கொண்டிருந்தோம். திங்கட்கிழமைக்குள் அங்கே இருக்க வேண்டும். மறித்தவர்களில் ஒருவன் தமிழன். படிப்பை மதிப்பான் என்று நம்பி, அனுமதிக் கடிதத்தை நானே எடுத்து நீட்டினேன்.

"படிக்கப் போற புள்ள, தம்பி. எங்கள விட்டுரு."

முத்திரையைப் பார்த்தான். "வெள்ளக்காரன் கடுதாசிய எங்கிட்டயே காட்டுறியா, பெருசு?"

அதை நெருப்பில் எறிந்தான். நான் எடுக்கப் பாய்ந்தேன். துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தான். இரண்டு பல் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ரோஸலின் கத்தினாள். "ஒங்கள யாருப்பா காட்டச் சொன்னா? நான் எங்கயும் போகல."

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று சிரித்த ஆபீஸ் குமாஸ்தா, எங்கள் கிராணி, இனி இன்னும் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அந்தக் கடிதத்தை அகராதி வைத்து எத்தனையோ முறை படித்தவன் நான். இப்போது ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டேன். கீழே இருந்த பல்கலைக்கழகத் துரையின் கையெழுத்து மட்டும் நினைவில்லை. அந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன். நாளை முதல் பஸ்ஸில் கிளம்புவோம் என்று உரக்கச் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போனாள்.

பஸ்ஸோடு துணிப்பெட்டியும் எரிந்துவிட்டதால் அவளுக்கு இருப்பது அந்த ஒரு நல்ல சேலைதான். பின்புறத்தில் அதைத் துவைக்கிற சத்தம் கேட்கிறது.